குச்சியில் பதினான்கு

ஒரத்தநாட்டிலிருந்து நைட்ரஜன் வண்டி வரும் நாளுக்குத்தான்
எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்று பெயர்.
மற்றபடி நான் கிழமை பார்ப்பதில்லை.
மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன்.
வடுவூர் முதல் நீடாமங்கலம் வரை
எந்தக் கொட்டிலில் எந்தப் பசு
ராத்திரி கத்தியதென்று சொல்வேன்.

தாஹிரா கேட்டது வேறு.
"உங்கள் கேனில் கொஞ்சம் இடம் கிடைக்குமா அண்ணே,
மீனுக்கு?"

கூத்தாநல்லூர்ப் பெண். மீன்வளம் படித்தவள்.
விந்தை உறைய வைக்கும் இயந்திரத்தின் விலையை
ஒருமுறை சொன்னாள்.
நான் மா கணக்கில் மாற்றிப் பார்த்துப்
பேசாமல் டீ குடித்தேன்.

அவள் பையில் இருந்தது
ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தட்டு.
மன்னார்குடியில் பள்ளி விழாக்களுக்குக் கேடயம் செய்யும் கடையின்
த்ரீ-டி பிரிண்டரில்
நூற்றுப் பத்து ரூபாய்க்கு இழைத்தது.
நாலு கால், இருபது காடி.
மீன்கடைத் தெர்மாகோல் பெட்டிக்குள்
நைட்ரஜன் மேல்
ஹரித்ராநதித் தெப்பம் மாதிரி மிதக்கும்.

வரைபடம் யாரோ கொடுத்தது.
யாரென்று அவளுக்கும் தெரியாது.
எடுத்துக்கொள், திருத்து,
திருத்தியதை எல்லோருக்கும் திறந்து வை.
அவ்வளவுதான் நிபந்தனை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்
காத்தமுத்து பண்ணையில்
கருமுழிக் கெண்டை, ஆண் ஏழு.
ஈரத் துணியில் சுற்றி, வாலடி ஒற்றி, வயிறு வருட,
நீர்மோர் நிறத்தில் துளி.
தண்ணீர் படக் கூடாது என்றாள்.
பட்டால்தான் ஓடும், ஓடத் தொடங்கினால்
ஒரு நிமிஷம்தான் ஆயுசு.
"மேட்டூர் திறக்கிற வரைக்கும்
நாங்களும் அப்படித்தான் கிடந்தோம்"
என்றார் காத்தமுத்து, அடுத்த மீனைப் பிடித்தபடி.

குச்சி எத்தனை விரல் மேலே நிற்கிறதோ
அதுதான் குளிர் இறங்கும் வேகம்.
வேகம் கூடினால் உள்ளே பனி முள் முளைக்கும்.
குறைந்தால் வற்றிச் சுருங்கும்.
முதல் நாற்பது குச்சியும்
கண்ணாடிக்கடியில் வெறும் மணல்.

அவள் மருந்துக் கலவையைச் சந்தேகித்தாள்.
மீனைச் சந்தேகித்தாள்.
நான் தெப்பத்தின் காலைப் பார்த்தேன்.
கேனில் மட்டக்குச்சி விட்டு
பனி ஏறிய தடம் பார்ப்பதுதானே பதினேழு வருஷமாக என் பிழைப்பு.
"அம்மா, நீ கீறின கோட்டுக்கு மேலே
எட்டு மில்லி வெளுத்திருக்கே?
தெப்பம் அழுந்துது."

அன்றிரவே காலை நீட்டி வரைந்தாள்.
இரண்டரை மணிக்கு மின்சாரம் போய்
மூன்று காலோடு ஒன்று நின்றது.
பச்சை இழை தீர்ந்து,
கோப்பைக்கு வைத்திருந்த தங்க நிறத்தில் மற்றொன்று.

நாற்பது டிகிரி வெந்நீர், டீ கிளாஸில்.
ஏழு எண்ணினோம். குச்சியை வெட்டி
ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீர்.
அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல்
என்னைப் பார்க்கச் சொன்னாள்.

காளை விந்து எத்தனையோ பார்த்தவன்.
இது பொடி. படு அவசரம்.
பள்ளிக்கூட மணி அடித்த வாசல்.
பத்துக்கு நாலு ஓடியது,
பிறகு மூன்று, பிறகு அங்கங்கே ஒன்று,
பிறகு நாங்கள் நிமிர்ந்தோம்.

புதுக் காலின் அளவைத் திறந்து வைத்துவிட்டாள்.
திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயரும் இருக்கிறதாம்.
இனிஷியல் தப்பு.

இப்போது பங்குனி.
வாய்க்காலில் ஆடு மேய்கிறது.
அந்த ஏழில் மூன்றைக்
காத்தமுத்து எப்போதோ குழம்பு வைத்துவிட்டார்.
என் கேனில் ஜெர்சிக்கும் உம்பளாச்சேரிக்கும் பக்கத்தில்
சிவப்பு நூல் கட்டி அவை இருக்கின்றன.
"மாத்திப் போட்டுடாதய்யா,
என் பசு செதிலோட ஈனிடப் போவுது" என்று
போகிற கொட்டிலெல்லாம் சிரிப்பு.

படுக்கும் முன் மூடி திறந்து,
மட்டக்குச்சி இறக்கி, பத்து எண்ணி எடுத்து
காற்றில் இரண்டு வீசு வீசுகிறேன்.
வெள்ளை ஏறி நிற்கிறது,
பதினான்கில்.
செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள்.